தாழ்த்திய பழைய காரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்கிறேன். எட்டு வயதான ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் அதைத் தரையோடு ஒட்டுகிற மாதிரித் தாழ்த்தியிருக்கிறார். நிறுத்திவைத்துப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகெலும்பில் குத்துகிறது. பின் இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்த உங்கள் அம்மா இனி இந்தக் காரில் ஏறமாட்டேன் என்கிறார். ஷாக் அப்சார்பரை மட்டும் புதிதாகப் போட்டால் சரியாகிவிடுமா, இல்லையென்றால் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகி உயர்த்திக்கொள்ளலாமா என்பது கேள்வி.

முதலாவது அரைகுறைத் தீர்வு. இரண்டாவது தீர்வே இல்லை; காரை இன்னும் கெடுக்கும். ஏனென்று சொல்ல, குலுக்கல் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்பிரிங் கடினமாக இருப்பதால்தான் கார் குலுக்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. தாழ்த்திய காரில் முதலில் பறிபோவது இடம். சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்குத் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடம். ஓர் உதாரணத்துக்கு, கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் இன்னும் 80 மி.மீ. மேலே ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 45 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 35. சாலையில் இருக்கும் மேடு மட்டும் அதே மேடுதான். அது கொடுக்கும் அதே உதையை 80 மி.மீ. தூரத்தில் வாங்குவதற்குப் பதிலாக 35 மி.மீ. தூரத்தில் வாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் ஏறத்தாழ ஐந்து மடங்கு கடினமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் கணக்கு இது. சாலையில் ஓடும் காருக்கு அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் போடுவதில்லை. ஆகவே மீதி உதையை வாங்குவது பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பரின் தண்டில், கடைசி நேரத்தில் மோதலைத் தாங்குவதற்காக மாட்டியிருக்கும் நுரைக்கட்டி அது. எப்போதாவது தொட வேண்டிய அந்தக் கட்டியின் மேல் உங்கள் கார் நாள் முழுக்கச் சவாரி செய்துகொண்டிருக்கிறது. சிலர் இடம் பற்றவில்லை என்று அதையும் பாதியாக வெட்டிவிடுவார்கள். அப்போது மோதுவது இரும்போடு இரும்பு.

இப்போது ரப்பர் பஃபர் ஏன் உதவாது என்பது தெளிவாகும். சுருள்களுக்கு நடுவே அதைச் செருகினால் கார் சற்று உயரும், உண்மைதான். ஆனால் அது உட்கார்ந்த இடத்துச் சுருள் வேலை செய்வதை நிறுத்திவிடும். வேலை செய்யும் சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் கடினமாகும். ஆறு சுருள் வேலை செய்த ஸ்பிரிங்கில் ஒன்று முடங்கினால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். போதாததற்கு, பஃபர் அழுத்தும் இடத்தில் ஸ்பிரிங்கின் பெயின்ட் உரிந்து துருப் பிடிக்கும். துருப் பிடித்த இடத்தில்தான் ஸ்பிரிங் ஒருநாள் உடையும்.

உங்கள் காரை எந்த வழியில் தாழ்த்தினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதன் முனை, கம்பியை இழைத்துத் தட்டையாக்கியதாகவோ உள்ளே சுருண்டு முடிந்ததாகவோ இல்லாமல், அரைக்கும் சக்கரத்தால் நேராக அறுத்ததுபோல் பளிச்சென்று அல்லது துருவோடு தெரிந்தால் அது வெட்டிய ஸ்பிரிங். தாழ்த்துவதில் இதுவே மலிவான வழி, மிக மோசமான வழியும்கூட. ஆறு சுருளில் ஒன்றரையை வெட்டினால் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முனை தன் இருப்பிடத்தில் சரியாக உட்காராது. காரை ஜாக்கியில் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கடகடவென்று ஆடும். இன்னும் சிலர் காஸ் விளக்கால் சூடு காட்டி ஸ்பிரிங்கைத் தானாகவே அமுங்க விடுவார்கள். சூடு பட்ட கம்பியின் பதம் போய்விடும். அப்படிப்பட்ட அடையாளம், அதாவது ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி தெரிந்தால், நெடுஞ்சாலையில் போவதை நிறுத்திவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில், முனை ஒழுங்காக, ஏதோ எண் அச்சிட்டபடி இருந்தால் அது தாழ்த்துவதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டியிருந்து, அதில் பெரிய வளைய நட்டுகள் இரண்டு இருந்தால் காயில் ஓவர், அதாவது அந்த நட்டைச் சுற்றி உயரத்தை ஏற்றி இறக்கும் வகை. பின்னால் இலைப்பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியென்றால், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இவை கலந்தும் இருக்கலாம்: முன்னால் குட்டை ஸ்பிரிங், பின்னால் அறுத்தது. கைமாறிக் கைமாறி வந்த காரில் அது சாதாரணம்.

அடுத்து அளவு. தரையிலிருந்து மட்கார்டு வரை அளக்காதீர்கள். டயர் மாறினால் அந்த அளவும் மாறும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். அதே மாடல், அதே எஞ்சின், மாற்றம் எதுவும் செய்யாத கார் ஒன்றில் இதே அளவை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு இழந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சர்வீஸ் கையேட்டில் இந்த அளவு இருந்தால் இன்னும் நல்லது. இடதுக்கும் வலதுக்கும் சில மி.மீ. வேறுபாடு இருப்பது இயல்பு. ஒரு மூலை மட்டும் 15 மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று தேடுங்கள். அடிச்சுருளில் உடைந்த துண்டு, தட்டிலேயே ஒளிந்து கிடக்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. நான் எந்தப் பழைய காரை வாங்கினாலும் முதலில் செய்வது இதைத்தான். ஷாக் அப்சார்பரின் தண்டை மூடியிருக்கும் தூசியுறையை மேலே தூக்கி, பளபளக்கும் தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு (ஒயர்களைக் கட்டும் ‘ஜிப் டை’) ஒன்றை இறுக்கி, அடியில் உடலோடு ஒட்டும்வரை கீழே தள்ளிவிடுங்கள். பிறகு காரை இறக்கி, வழக்கமாகப் போகும் சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஷாக் அப்சார்பரின் உடல் மேலே ஏறும்போது அந்தப் பிளாஸ்டிக் கட்டையும் தள்ளிக்கொண்டு போயிருக்கும். எவ்வளவு தூரம் ஏறியது என்பதற்கு அது நிற்கும் இடமே சாட்சி. நல்ல காரில் பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே எங்கோ நிற்கும். உங்கள் காரில் அது பம்ப் ஸ்டாப்புக்குள் புதைந்து நசுங்கிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் வேறு விவாதமே வேண்டாம்: உயரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் எந்த விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரைப் போட்டாலும் பயனில்லை.

குலுக்கலின் குணத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு மேட்டிலும் ‘டொம்’ என்று திடீரென நின்றுபோவது போன்ற அடி என்றால் பம்ப் ஸ்டாப். மேட்டைத் தாண்டிய பிறகும் படகு மாதிரி இரண்டு மூன்று முறை எழுந்து எழுந்து அடங்கினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. நல்ல தாரில்கூட ஓயாமல் ஒரு நடுக்கம் வந்தால் டயரையும், பாலியூரிதேன் புஷ் (மூட்டுகளில் ரப்பருக்குப் பதில் வரும் கடினமான உறை) ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும்போது கடகட சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின்) லிங்க் ராட். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஸ்பிரிங் தெறித்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தொகுதியின்) மேல் பேரிங் போய்விட்டது. தாழ்த்திய காரில் ஷாக் அப்சார்பர் சீக்கிரம் சாவதற்கும் காரணம் உண்டு. பழைய உயரத்துக்கென்று செய்த ஷாக் அப்சார்பரை விட்டுவிட்டுக் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் போட்டிருப்பார்கள். கடினமான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் வலு அதற்கு இல்லை. ஓட்டத்தின் அடிப்பகுதியிலேயே கிடந்து அடிவாங்கிக்கொண்டிருக்கும்.

என்ன வாங்குவது? என் கருத்தில், உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அதற்குரிய ஸ்பிரிங்கையே கேட்டு வாங்குவதுதான் நேர்வழி. ‘அதே மாடல்தானே’ என்று எதையாவது எடுத்துவந்துவிடாதீர்கள். டீசல் எஞ்சின் கனம் கூட, ஏசி, ஆட்டோமேட்டிக் கியர் என்று ஒவ்வொன்றுக்கும் எடை மாறுவதால், ஒரே மாடலுக்குள் பல வகை ஸ்பிரிங் உண்டு. சுருளில் தீட்டிய வண்ணப்புள்ளிகள் அந்த வகையைக் காட்டும். ஸ்போர்ட் பதிப்பு என்றால் தொழிற்சாலையிலேயே சற்றுத் தாழ்த்தியிருப்பார்கள். அதன் ஸ்பிரிங்கைத் தவிர்த்துவிட்டுச் சாதாரணப் பதிப்பினுடையதைப் போடலாமா என்று கேட்டால், போடலாம், ஆனால் ஷாக் அப்சார்பரும் அந்தச் சாதாரணப் பதிப்பினுடையதாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தம்பதி. ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை விட்டால் சண்டைதான்.

அவற்றோடு சேர்த்து, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசியுறை, ஸ்பிரிங்கின் மேலும் கீழும் வரும் ரப்பர் தட்டு ஆகியவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். சின்னச் சின்னச் சாமான்கள்தான். ஆனால் இன்னொரு முறை பிரித்தால் கூலியும் இன்னொரு முறை. பயன்படுத்திய ஒரிஜினல் ஸ்பிரிங் கிடைத்தால், துருவும் கீறலும் இல்லாதவரை எடுக்கலாம். பயன்படுத்திய ஷாக் அப்சார்பரை எடுக்காதீர்கள். எப்போதும் ஒரு ஆக்சிலுக்கு இரண்டாக மாற்றுங்கள். பணம் ஒரே தடவையில் புரளவில்லை என்றால் முன்னால் இந்த மாதம், பின்னால் அடுத்த மாதம் என்று செய்யலாம், இடது இந்த மாதம் வலது அடுத்த மாதம் என்று மட்டும் வேண்டாம்.

காயில் ஓவர் இருந்தால், ‘அதை உயர்த்திவைத்தாலே போதுமே’ என்று ஒரு நண்பர் சொல்வார். செய்து பார்ப்பதில் நட்டமில்லை, வளையத்தைச் சுற்றினால் போதும். இழந்த இடத்தில் கொஞ்சம் திரும்பும். ஆனால் அதில் உள்ள ஸ்பிரிங் பெரும்பாலும் ஒரிஜினலைவிடக் கடினமானது, உயர்த்துவதால் அது மென்மையாகிவிடாது. கீழ்த்தட்டை மட்டும் ஏற்றும் வகையென்றால், ஏற்ற ஏற்றத் தண்டு வெளியே நீண்டுகொண்டே போய், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமில்லாமல் போகும். அங்கே ‘டக்’ என்று வேறொரு அடி. மேலே இருக்கும் திருகியைத் தளர்த்திக்கொண்டே போனால் சுகமாகும் என்பதும் அரைகுறைதான். அது அதிர்வை அடக்கும் வலுவைக் குறைக்குமே தவிர ஸ்பிரிங்கை இளக்காது.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதானாலும், நீங்களே செய்வதானாலும், மூன்று இடத்தில் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும்.

ஒன்று, ஸ்ட்ரட்டின் மேல்நட்டு. வெட்டிய ஸ்பிரிங்கில் அழுத்தம் இருக்காது என்பதால், பிரிக்கும்போது நட்டை நேரடியாகக் கழற்றினாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். அந்தத் தைரியத்தில் திரும்ப மாட்டும்போதும் அலட்சியமாக இருந்தால் ஆபத்து. ஒரிஜினல் ஸ்பிரிங் நீளமானது. அமுக்கும் கருவியில் இருபுறமும் சமமாக அமுக்கி, மேல்நட்டு முழுக்க ஏறிய பிறகே கருவியைத் தளர்த்த வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் எலும்பு முறியும், உயிரும் போகலாம். அதன் நேர்முனைக்கு எதிரே முகத்தை வைக்கக் கூடாது. சொந்தக் கருவி இல்லையென்றால் ஸ்ட்ரட்டை அப்படியே கழற்றி எடுத்துப்போய், இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் செய்துகொண்டு வந்துவிடுங்கள். தண்டு சுழலாமல் பிடிக்க இடுக்கியால் கவ்வுவார்கள், விடாதீர்கள். தண்டில் விழும் ஒரே கீறல் ஆயில் சீலைக் கிழித்து, புது ஷாக் அப்சார்பரைச் சில மாதங்களில் ஒழுக வைத்துவிடும்.

இரண்டு, ஸ்பிரிங்கின் முனை. கீழ்த்தட்டில் ஒரு படி இருக்கும். முனை அந்தப் படியில் போய் முட்டி நிற்க வேண்டும். சற்று விலகினாலும் ஓடத் தொடங்கியதும் திரும்பிக்கொண்டு சத்தம் போடும்.

மூன்றாவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். முதல்முறை நான் என் காரை உயர்த்தியபோது எல்லாம் புதிது: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையின்) புஷ்கள்கூட. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் கனகச்சிதமாக இறுக்கினேன். இறக்கிப் பார்த்தால் கார் எதிர்பார்த்ததைவிட ஒரு செ.மீ. கூட உயரம், ஓட்டினால் புது ஸ்பிரிங்கும் ஏதோ முறைத்துக்கொண்டு இருப்பதுபோல் ஒரு விறைப்பு. ஸ்பிரிங் தவறு என்று கடைக்காரரோடு வாதாடினேன். ஒரு வருடத்துக்குள் லோயர் ஆர்மின் புஷ் இரண்டும் கிழிந்து தொங்கின.

தவறு என்னுடையது. அந்த வகை புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் காரோடு பூட்டிக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு கொடுக்கும் நெகிழ்வுதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ‘ஓய்வு’. காரைத் தரையில் இறக்கியதுமே அது முறுக்கியபடி நிற்கும். நின்ற இடத்திலேயே முறுக்கு, மேட்டில் இன்னும் முறுக்கு. அதனால்தான் உயரம், அதனால்தான் விறைப்பு, அதனால்தான் கிழிசல். எனவே போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு, சக்கரத்தைப் பூட்டி, காரைச் சாய்மேடையின் மேல் ஏற்றி, அல்லது ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து ஒரிஜினல் உயரத்துக்குரிய அந்த நடுப்புள்ளி அளவு சரியாக வரும்வரை தூக்கி, அதன் பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத்தண்டு) உள்ள கார் என்றால் அதன் முன்பக்கப் புஷ்களுக்கும் இதே விதி.

இதிலிருந்து உங்களுக்கு இன்னொரு விஷயமும் புரியும். உங்கள் காரைத் தாழ்த்தியவர் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தாமலே தாழ்த்தியிருக்கலாம். அல்லது தாழ்ந்த நிலையில் தளர்த்தி இறுக்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும், இப்போது உயர்த்தும்போது எல்லாவற்றையும் ஒருமுறை தளர்த்தி, புதிய உயரத்தில் இறுக்குங்கள். நாள்பட்ட புஷ்ஷின் ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

தாழ்த்தியபோது செய்த பக்கவாட்டு வேலைகளையும் தேடித் திருப்ப வேண்டும். லிங்க் ராடை நீளம் மாற்றும் வகையாகப் போட்டிருந்தால் ஒரிஜினல் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகமும்) சேரும் போல்ட் ஓட்டையை நீளமாக அரைத்து கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணத்தை, சரிக்கட்டியிருப்பார்கள். அரைத்தது ஸ்ட்ரட்டில் என்றால் புது ஸ்ட்ரட்டோடு போய்விடும், நக்கிளில் என்றால் நக்கிளையே மாற்ற வேண்டும். முகவிளக்கின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கார்களில் ஆர்மோடு சேர்ந்த சிறு கம்பி ஒன்று இருக்கும். அதை வளைத்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மின்சாரத்தால் கட்டுப்படும் ஷாக் அப்சார்பர் வந்த காரில், அதைக் கழற்றி எறிந்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க ஒரு போலி இணைப்பியைச் செருகியிருக்கக்கூடும். அப்படியானால் ஒயர் இணைப்போடு அந்த வகையையே திரும்ப வாங்குகிறீர்களா, சாதாரண வகையோடு நிறுத்திக்கொள்கிறீர்களா என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள், சாமான்களே வேறு.

டயரைச் சொல்லாமல் விட முடியாது. தாழ்த்தியவர் பெரும்பாலும் பெரிய ரிம்மும் போட்டிருப்பார். 205/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 113 மி.மீ.; அதற்குப் பதில் 225/40 ஆர்18 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், பக்கச்சுவர் மட்டும் 90 மி.மீ. ஆகிவிடும். அந்த 23 மி.மீ. காற்றும் ரப்பரும் சின்னக் கற்கள், ஓரங்கள், தார்ப் பிளவுகளை விழுங்கிக்கொண்டிருந்தவை. ஸ்பிரிங் எல்லாம் மாற்றியும் சின்ன நடுக்கம் போகவில்லை என்று பலர் குறைப்படுவது இதனால்தான். ஒரிஜினல் ரிம் கிடைத்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். பழைய டயரின் உள்விளிம்பு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், அது தாழ்த்தியதால் கெட்ட கேம்பரும் டோவும் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும்) விட்டுச்சென்ற தழும்பு. அந்த டயரை வைத்துக்கொண்டு ஓட்டினால், எல்லாம் சரியான பிறகும் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வேலை முடிந்த அன்றே அலைன்மென்ட் செய்ய ஓடாதீர்கள். டோவைக் கண்ணளவில் நேராக வைத்து, நூறு கிலோமீட்டர் போல நிதானமாக ஓட்டுங்கள். புது ஸ்பிரிங்கும் ரப்பர் தட்டும் சில மி.மீ. அமர்ந்துகொள்ளும். பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட். முடிவுத் தாளை வாங்கி, கேம்பர் இடதும் வலதும் தயாரிப்பாளர் வரம்புக்குள் வருகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால் ஆர்மோ நக்கிளோ வளைந்திருக்கலாம். முன் கண்ணாடியில் கேமரா உள்ள காரென்றால் உயரம் மாறியதால் அதையும் மறு அளவீடு செய்யச் சொல்ல வேண்டும். முகவிளக்கை அன்றே சரிசெய்யுங்கள்: மூக்கு உயர்ந்த காரின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பிளாஸ்டிக் கட்டைப் புது ஷாக் அப்சார்பரின் தண்டிலும் மாட்டுங்கள். அம்மாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, அதே பத்து கிலோமீட்டர். திரும்பி வந்து கட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பைத் தொடாமலோ, ஓரிரு மேடுகளில் லேசாகத் தொட்டோ நின்றால் அந்தப் பிளாஸ்டிக் கட்டை வெட்டி எடுத்துவிடலாம். கழற்றிய அறுத்த ஸ்பிரிங்கை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். விற்றால் அது இன்னொருவர் காரில் போய் உட்காரும்.